ஜூம் பி1 ஃபோர்: பேஸ் பயிற்சிக்கு லூப்பர்தான் விஷயம்

ஜூம் பி1 ஃபோர் என்பது பேஸ் கிட்டாருக்கான மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். இதை எஃபெக்டுகளுக்காக, அதாவது ஒலியை மாற்றும் வசதிகளுக்காக, வாங்குபவர்களே அதிகம். ஆனால் கை தேற வேண்டும் என்றால், வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் அதன் லூப்பரும், கூடவே தாளம் போடும் 68 ரிதம் பேட்டர்ன்களும்தான் காசுக்கு ஈடு.

லூப்பர் 30 நொடிதான் பிடிக்கும். 4/4-இல், அதாவது ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நாலு அடி என்ற கணக்கில், 8 பார் என்றால் 32 அடி. டெம்போ 60-இல் (நிமிடத்துக்கு 60 அடி) அதற்கு 32 நொடி, இடம் பத்தாது. 70-க்கு ஏற்றினால் 27 நொடி சொச்சத்தில் முடிந்துவிடும். முதல் சுற்றில் ஏ மைனர், டி மைனர் கார்டுகளின் மூலச் சுரங்களை (ஏ, டி) மட்டும் பதியுங்கள். அடுத்த சுற்றை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசியுங்கள். கீழேயே வாசித்தால் இரண்டும் கலந்து குழம்பும். கார்டு மாறுவதற்கு முந்தைய அடியில், வரப்போகும் மூலச் சுரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழே தொட்டு ஏறிப் பாருங்கள். அதே மூலச் சுரங்களுக்குத் தனி நடை வந்துவிடும்.

மியூட்டிங் பிசகையும், அதாவது வாசிக்காத கம்பியை அடக்காமல் விடுவதையும், லூப்பர் காட்டிக்கொடுக்கும். தொடாத ஈ கம்பியின் முனகல் முதல் சுற்றில் தெரியாது. மூன்றாம் ஓவர்டப்பில் (பதிந்ததன் மேலேயே மறுபடி பதிவது) கொழகொழவென்று ஆகும். மேல் கம்பிகளில் வாசிக்கும்போது வலது கட்டைவிரலை ஈ கம்பிமேல் சாய்த்து வைத்தால் அடங்கும்.

குறைகளும் உண்டு. ரிதம் ஓடும்போது லூப்பின் தொடக்கமும் முடிவும் தானாகவே தாளத்துக்கு ஒட்டிக்கொள்ளும். தாமதமாக அழுத்தியது தெரியாமலே போகும். வாரம் ஒரு நாளாவது ரிதத்தை அணைத்துவிட்டுப் பதியுங்கள். சத்தத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் எஃபெக்டும் அப்படித்தான், விரல்களின் ஏற்றத்தாழ்வைப் பூசி மெழுகிவிடும். ஹெட்ஃபோனுக்குப் பெரிய 6.35 மி.மீ. ஜாக்தான், மாற்றி இல்லாமல் சின்ன பின் நுழையாது.