6.7 இன்ச் திரை, 5.6 இன்ச் வீடியோ: இரண்டரை வருடத்துக் கணக்கு

விலை இறங்கியதிலிருந்து, நான் இரண்டரை வருடமாக வைத்திருக்கும் இந்த 1440×3200 பிக்சல் (திரைப் புள்ளி) போனை வாங்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கேமரா, பேட்டரி பற்றியெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். என் புகார் ஒன்றுதான்: காசு கொடுத்தது 6.7 இன்ச்சுக்கு, வீடியோ ஓடுவது 5.6 இன்ச்சில்.

20:9 விகிதத்தில் (நீளம் 20 பங்கு, அகலம் 9 பங்கு) 6.7 இன்ச் மூலைவிட்டம் என்றால் திரை 155 மி.மீ. நீளம், 70 மி.மீ. அகலம். போனைப் படுக்க வைத்து 16:9 யூடியூப் வீடியோ போட்டால் படம் 124 மி.மீ.யோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒன்றரை செ.மீ. கறுப்புப் பட்டை. பழைய 5.5 இன்ச் 16:9 போன்களில் இதே படம் 122 மி.மீ. இருந்தது. இத்தனை வருட முன்னேற்றம் இரண்டே மி.மீ.!

விரலால் விரித்துத் திரையை நிரப்பலாமே என்பார்கள். நிரப்பினால் மேலே பத்து சதவீதம், கீழே பத்து சதவீதம் வெட்டு. செய்திச் சேனலின் ஸ்க்ரோலிங் காலி, கிரிக்கெட் ஸ்கோர் காலி.

சினிமாஸ்கோப் படத்துக்கு மட்டும் இந்தத் திரை ராஜா. 2.39:1 படங்களைக் கறுப்புப் பட்டையோடு சேர்த்து 16:9 ஆகவே யூடியூபில் ஏற்றியிருப்பார்கள். அப்படியே பார்த்தால் நாலாபுறமும் கறுப்பு. அங்கே ஒருமுறை விரித்தால் வெட்டுப்படுவது வெறும் பட்டைதான். படத்தின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும்.

அடுத்து ரெசல்யூஷன், அதாவது திரை எத்தனை பிக்சலில் ஓடுகிறது என்பது. பெட்டியிலிருந்து வரும்போது 1080×2400-ல்தான் இருக்கும். செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, ஸ்கிரீன் ரெசல்யூஷன் போய் நாமே மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் மூன்று பிக்சலுக்கான எழுத்தை நான்கு பிக்சலில் நிரவிக் காட்டும், விளிம்பு லேசாக மசமசக்கும். பிறவியிலேயே 1080 ஆன பேனலில் (திரைப் பலகையில்) இந்தத் தொல்லை இல்லை. 1440 வாங்கி 1080-ல் ஓட்டுவதற்குப் பேசாமல் மலிவான பேனலையே வாங்கலாம். வித்தியாசம் தெரியுமிடம் பொடி எழுத்து. இ-பேப்பரை அகலத்துக்குப் பொருத்தி வைத்து ‘ண’வுக்கு மூன்று சுழியா இரண்டா என்று பாருங்கள். இந்த மாதிரி ஓஎல்இடி திரைகளில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) பச்சைப் புள்ளிகளில் பாதி எண்ணிக்கைதான் சிவப்பும், நீலமும் என்பதால், கூடுதல் பிக்சல் அங்கேதான் கைகொடுக்கும். 1080 வீடியோவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கேமில் பிக்சல் 26 லட்சத்திலிருந்து 46 லட்சமாகிறது, சூடும் கூடவே ஏறும். அதற்கு மட்டும் 1080-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

சோனி 2019-ல் எக்ஸ்பீரியா 1-ல் 21:9, 4கே என்று தடாலடியாக இறங்கியது. 2024-ல் எக்ஸ்பீரியா 1 மார்க் 6-ல் இரண்டையும் விட்டுவிட்டு 19.5:9, 1080-க்கு வந்துவிட்டது. ஆச்சரியமில்லை.

வீடியோவுக்காக என்றால் வாங்காதீர்கள். ஆனால் கீபோர்டு திறந்த பிறகும் வாட்ஸ்அப்பில் பத்துப் பதினைந்து வரி தெரிகிறது பாருங்கள், அதற்குப் பழகிவிட்டால் குட்டைத் திரைக்குத் திரும்ப மனசு வராது. எனக்கும் வரவில்லை. அடுத்ததும் நெட்டைதான்.

வாங்கினால் கேமராவில் திரை முழுக்கப் படமெடுக்கும் ‘ஃபுல்’ விகிதத்தை முதல் நாளே 4:3-க்கு மாற்றிவிடுங்கள். சென்சார் 4:3, ஃபுல்லில் 4000×3000 படம் 4000×1800 ஆகிறது. 12 மெகாபிக்சலில் கிட்டத்தட்ட 5 குப்பைக்குப் போகிறது, பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.