கிரீன் டீயா, தடுப்பூசியா, அடுப்பா? பன்றிக் கொட்டகையில் வைரஸைத் தடுக்க எது உதவும்

ஏற்காட்டில் விளைவது காபியும் மிளகும். தேயிலைக்கு நீலகிரிக்கோ வால்பாறைக்கோதான் போக வேண்டும். ஆனாலும் "கிரீன் டீ பன்றி வைரஸைக் கொல்லும்" என்ற பேச்சு மலையேறி, கீழே சேலம் பக்கத்து வெண்பன்றிக் கொட்டகைகள் வரைக்கும் வந்துவிட்டது. பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறவருக்குத்தான் ஆபத்து.

உண்மையான பாதி இது. கிரீன் டீயில் இருக்கும் கேட்டக்கின்களில் (துவர்ப்பைத் தரும் பொருள்களில்) முக்கியமானது இ.ஜி.சி.ஜி. வைரஸ் வந்து உடல் செல்லின் மேற்பரப்பில் முதலில் ஒட்டிக்கொள்ளும் இடத்தை அது மறித்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் பி.ஆர்.ஆர்.எஸ். (கருச்சிதைவும் மூச்சுக் கோளாறும் தரும் வைரஸ்), பி.இ.டி. கழிச்சல் வைரஸ், சர்க்கோ வைரஸ், சூடோரேபிஸ் ஆகிய பன்றி வைரஸ்கள் எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. அதில் சந்தேகம் இல்லை.

கோளாறு அளவில் இருக்கிறது. அந்தச் சோதனைகளில் பயன்படுவது பெரும்பாலும் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோமோல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு). 50 என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 23 மில்லிகிராம். மனிதர்கள் சாப்பாட்டோடு 800 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. எடுத்தால்கூட ரத்தத்தில் ஏறுவது லிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம்தான். நாற்பது மடங்குக்கு மேல் குறைகிறது. பன்றிக் குடல் இதைவிடத் தாராளமாக உறிஞ்சும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. அந்த 800 மில்லிகிராமுக்கே ஒரு பன்றிக்கு தினம் சுமார் 20 கிராம் இலை வேண்டும். பத்து பன்றிக்கு மாதம் 6 கிலோ. அவ்வளவு செலவழித்தும் பி.ஆர்.ஆர்.எஸ். குடியிருக்கும் நுரையீரல் செல்லுக்குப் போய்ச் சேர்வது சொற்பம்.

"குடல் வைரஸுக்கு நேரடியாகப் படுமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பி.இ.டி. வாரிக்கொண்டு போவது பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பால்குட்டிகளை. அவை தொட்டியில் வாய் வைக்காது, தாய்ப்பால்தான் குடிக்கும். வாய்வழியாகப் புகட்டினாலும் பாலின் கேசீன் புரதம் கேட்டக்கினைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தண்ணீரில் கலக்கிறவர்கள் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். சேலம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, காரச் சாய்வும் உண்டு. அதில் கிரீன் டீயை வடித்து வெளியே வையுங்கள். காலையில் வெளிர் மஞ்சளாக இருந்தது மாலைக்குள் செம்பழுப்பாகும், மேலே ஆடை படியும். இ.ஜி.சி.ஜி. காற்றுபட்டுச் சிதைவதைத்தான் அந்த நிறம் காட்டுகிறது. துருப்பிடித்த இரும்புத் தொட்டியில் ஊற்றினால் கருநீலமாகும்: இலைச்சாறு இரும்போடு சேர்ந்துவிட்டது. குளோரின் போட்ட தண்ணீரில் கலந்தால் டீ குளோரினைத் தின்னும், குளோரின் டீயைத் தின்னும். இரண்டும் வீண். எக்ஸ்ட்ராக்ட் பொடியைத் தீவனத்தில் கலப்பது இதைவிடக் கொஞ்சம் மேல். ஆனாலும் ரத்தத்துக்கு ஏறாத பிரச்சினை அப்படியேதான் இருக்கும். அளவைக் கூட்டிச் சரிக்கட்டவும் முடியாது. மனிதர்களிலேயே தினம் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

எதிர்ப்பக்கம் தடுப்பூசி. பன்றிக் காய்ச்சலுக்கு (ஆப்பிரிக்க வகைக்கு அல்ல) நம் நாட்டில் 1964 முதல் முயலில் வளர்த்த தடுப்பூசி உண்டு. 2020இல் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் செல் வளர்ப்பில் உருவாக்கியதை வெளியிட்டது. டோஸ் சுமார் 2 ரூபாய் என்றார்கள், பழையது 15 முதல் 20. அதன் பக்கத்தில் 20 கிராம் இலையை வைத்துப் பாருங்கள். தடுப்பூசி வீணாவது பெரும்பாலும் கையாள்வதில்தான். கலக்கிய மருந்தை ஐஸ்மேல் வைத்து 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து ஈரம் காயாமல் குத்தினால் மருந்தில் இருக்கும் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் செத்துப்போகும். தாய்க்குப் போட்டிருந்தால் குட்டிக்கு அவசரப்படக் கூடாது. சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, தடுப்பூசியை மடக்கிவிடும். எந்த வாரத்தில் போடுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாச்சலத்திலும் தலைகாட்டியது. 2023இல் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. இதற்கு இங்கே போடத் தடுப்பூசி இல்லை, டீயும் காப்பாற்றாது. இந்த இடத்தில் ஜெயிப்பது அடுப்பு. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியோடு ஹோட்டல் கழிவும் கல்யாண மண்டபத்து எச்சிலும் கலந்து போடும் கொட்டகைக்கு வைரஸ் வரும் முக்கிய வாசல் அந்தக் கழிவில் கிடக்கும் பன்றி இறைச்சித் துண்டுதான். உலக கால்நடை நல அமைப்பின் கணக்கு: அந்தக் கழிவை வேகவைப்பது 90 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் 60 நிமிடம், விடாமல் கிளறிக்கொண்டே.

கழிவை வேகவைக்கும் டிரம்மில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். அடி தீய்கிறது, மேலே குமிழி வருகிறது, "கொதித்துவிட்டது" என்று இறக்கிவிடுகிறார்கள். நடுவில் எலும்போடு கிடக்கும் கட்டி வெதுவெதுப்பாகவே இருக்கும். தண்ணீர் சேர்த்துத் தளர்த்தி, பெரிய துண்டை வெட்டிப் போட்டு, எல்லா இடமும் கொதித்த பிறகு நேரத்தை எண்ண வேண்டும். பச்சைக் கழிவு அள்ளிய வாளியில் வெந்ததை அள்ளினால் ஒரு மணி நேர விறகும் போச்சு.

கொட்டகைத் தரையில் வைரஸைக் கொல்லக் காஸ்டிக் சோடா. ஆப்பிரிக்க வைரஸுக்கு ஆயிரத்துக்கு எட்டு, அதாவது 10 லிட்டருக்கு 80 கிராம், 30 நிமிடம் ஊற வேண்டும். சாணத்தின் மேல் ஊற்றினால் சாணம்தான் சுத்தமாகும். முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வடிந்த பிறகே சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, கையுறை கட்டாயம். சுவருக்குப் புதிதாகத் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு போதும். மூட்டையில் பழசானது வெறும் சாக்பீஸ் தூள்.

அப்படியும் டீ கொடுத்தே தீருவேன் என்பவர், வளர்ந்த பன்றிக்குத் தீவனத்தில் கொஞ்சமாகக் கொடுக்கட்டும். பெரிய கெடுதி இல்லை. பால்குட்டியின் முதல் தீவனத்தில் மட்டும் வேண்டாம். கேட்டக்கின் தீவனத்து இரும்பைக் கட்டிப்போடும். குட்டியோ பிறக்கும்போதே இரும்புக்குப் பஞ்சம் பிடித்தது. அதற்குத்தான் மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி போடுகிறோம்.