ஏழு வருஷம், மூன்று ஹெட் கேஸ்கட்: வண்டி கேட்ட மச்சானுக்கு

போன வாரம் ஓசூரிலிருந்து மச்சான் போன் பண்ணினான். "மாமா, உங்க வண்டி மாதிரியே ஒண்ணு, 2014 மாடல், ரெண்டு லட்சத்துக்குள்ள வருது. வாங்கலாமா?" அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரமா இது?

மைலேஜ், ஏசி, டிக்கி எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று நின்று நகர்ந்தாலும் கிளட்ச் மிதித்த கால் வலிக்காது. அந்த ஒன்றுக்காகவே நாலு பேரிடம் இந்த வண்டியைப் புகழ்ந்திருக்கிறேன். இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் கிடையாது. சூடு எல்லை மீறினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். 2023 மே மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது, கிருஷ்ணகிரி தாண்டி ஏற்றத்தில் அது எரிந்தது. ரேடியேட்டர் ஃபேன் நின்றுபோயிருக்கிறது. பக்கத்தில் நிழலாக ஒரு டீக்கடை பார்த்து நிறுத்தலாம் என்று இன்னும் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். அந்தத் தப்பு என்னுடையது, அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு அது. ராமமூர்த்தி நகரில் வீட்டுக்குப் பக்கத்து கேரேஜில் ஹெட்டை இறக்கினார்கள், லேத்தில் ஃபேசிங் கொடுத்தார்கள் (அடிப்பக்கத்தைச் சீவிச் சமமாக்குவது), புது கேஸ்கட் போட்டார்கள். இருபது நாள் ஓடியது. பிறகு காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) டேங்கில் உலை கொதிப்பதுபோல் குமிழி. இன்ஜின் இன்னும் சூடே ஆகவில்லை, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் அதற்குள் கல் மாதிரி இறுகியிருக்கும்.

கேரேஜில் கேட்டால், "ஆயில் பால் மாதிரி ஆகலையே சார், அப்போ கேஸ்கட் இல்ல. பெங்களூரு மேட்டு ஊரு, தண்ணி சீக்கிரம் கொதிக்கும்" என்றார்கள். ஊர் 900 மீட்டருக்கு மேலே இருப்பது உண்மை. திறந்த பாத்திரத்தில் இங்கே 97 டிகிரியிலேயே தண்ணீர் கொதிப்பதும் உண்மை. ஆனால் குக்கருக்கு வெயிட் போடுவதுபோல் கூலன்டுக்குத்தான் பிரஷர் மூடி இருக்கிறதே! ஆயில் தெளிவாக இருப்பதும் ஒரு சாட்சி ஆகாது. சிலிண்டர் காற்று கூலன்ட் பாதைக்குள் மட்டும் கசிந்தால் ஆயிலில் ஒன்றுமே தெரியாது.

இரண்டாவதாக ஒரு கேரேஜுக்குப் போனேன். அவர்கள் டேங்க் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதில் நீல மருந்து ஊற்றி, வெளிவரும் காற்றை இழுத்தார்கள். ஒரு நிமிஷத்தில் நீலம் மஞ்சளாகிவிட்டது. சிலிண்டர் புகையிலுள்ள கரியமில வாயு கலந்தால்தான் அப்படி மாறும். நோய் நிச்சயம். வைத்தியம்? மறுபடியும் ஹெட் இறக்கம், மறுபடியும் ஃபேசிங், இன்னொரு கேஸ்கட். ஒன்றரை மாதத்தில் மறுபடியும் குமிழி.

இரண்டு கேரேஜிலும் கழற்றிய கேஸ்கட்டுகளைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருந்தேன். பின்னால் சண்டை போட உதவும் என்று. கடைசியில் உதவியது வேறு விதத்தில்.

வில்சன் கார்டன் பக்கம் ஒரு சந்தில் லேத் வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தேன். பழைய கேஸ்கட் இருக்கா தம்பி என்றுதான் முதலில் கேட்டார். அவரும் ஹெட்டை இறக்கியதும், முதல் கேரேஜிலும் இரண்டாவதிலும் புதிதாகப் போட்டுக் கெட்டுப்போன இரண்டு கேஸ்கட்டையும் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்று பிடித்துக் காட்டினார். சிலிண்டரைச் சுற்றி வரும் இரும்பு வளையம் நன்றாக அழுந்தியிருந்தால் பளபளவென்று தடம் இருக்க வேண்டும். இரண்டிலும், மூன்றாவது சிலிண்டர் நான்காவதை ஒட்டும் மூலையில், தடமே இல்லை. சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது.

"நடுவுல ஒரு தடவை ஹெட்டை ஃபேசிங் பண்ணியாச்சு. தப்பு ஹெட்டுல இருந்தா இடம் மாறியிருக்கணும். மாறல. அப்போ கீழ பாரு" என்றார்.

ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற நேர் பட்டையை பிளாக்கின் மேல் நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்கேயும் நுழையவில்லை. பிளாக் சமமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு சைக்கிள் கம்பியை எடுத்து, பத்து போல்ட் துளைகளிலும் ஒவ்வொன்றாக விட்டார். ஒன்பதில் ஒரே ஆழம். அந்த மூலையிலிருந்த பத்தாவதில் ஒரு நகத்தின் அளவு குறைந்தது. கொக்கி வைத்துச் சுரண்டினால் உப்புத்தாள் தூள், துரு, பழைய பேஸ்ட் எல்லாம் கூலன்டில் ஊறிக் கெட்டித்துப்போய் வருகிறது. முதல் கேரேஜில் பிளாக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்கள் துளையை மூடவும் இல்லை, காற்றடித்துச் சுத்தம் பண்ணவும் இல்லை. போல்ட் அந்தக் கெட்டியில் போய் முட்டி நின்றிருக்கிறது. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லியிருக்கும், முறுக்கியவனும் நம்பியிருப்பான். ஹெட்டைத்தான் அந்த போல்ட் அழுத்தவே இல்லை.

துளைகளின் மரையைச் சுத்தம் செய்ய டேப் என்ற கருவியை ஓட்டி, காற்றடித்து, பத்து போல்ட்டும் புதுசு போட்டார். இவை இழுபட்டு நீளும் ரகம், பழசை மறுபடி போடக் கூடாது. நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, மூன்று தவணையாக முறுக்கி, கடைசியில் ஒவ்வொன்றையும் 90 டிகிரி. அந்தக் கடைசிச் சுற்றில் போல்ட் முனகியதை நான் காதால் கேட்டேன்.

அது 2023 டிசம்பர். அதற்குப் பிறகு சேலத்துக்கு ஐந்து தடவை போய் வந்தாயிற்று, ஒரு குமிழி இல்லை. ஆனால் இரண்டு தடவை சீவியதில் ஹெட் மெலிந்துவிட்டது. கம்ப்ரஷன் கூடியதால் ஏற்றத்தில் நாலாவது கியரில் மிதித்தால் கிணுகிணு என்று ஒரு சத்தம். இனி ஒரு ஃபேசிங்குக்கு இடமில்லை என்று பாயும் சொல்லிவிட்டார்.

ஆகையால் மச்சான், அந்த வண்டியை வாங்காதே. மூன்று கேஸ்கட் மாற்றியது கம்பெனி தப்பு இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சூடு காட்ட ஒரு முள் வைக்காதவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. "அப்போ உங்க வண்டியைக் கொடுங்க" என்று கேட்பாய். அது நடக்காது. போன மாதம்தான் இன்சூரன்ஸ் கட்டினேன், நாலு டயரும் புதுசு.

தினமும் சாவி போடுவதற்கு முன்னால் பானெட்டைத் தூக்கி மேல் ஹோஸை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்க்கிறேன். உன் அக்கா சிரிக்கிறாள். இன்று காலையிலும் மெத்தென்றுதான் இருந்தது.