டர்பன் அலமாரியில் எட்டு வருடம் இருந்த டென்ட்

போன அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் ட்ராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் டென்ட் பையை அவிழ்த்தேன். புளித்த தயிரும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி ஒரு வாடை. மேல்விரிப்பை இழுத்தால் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டு சர்ரென்று கிழிகிற சத்தத்தோடு பிரிந்தது. உள்பக்கத்துப் பூச்சு தவிடு மாதிரி உதிர்ந்து கையெல்லாம் அப்பிக்கொண்டது. மனைவி வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி ஏதாவது செத்துக் கிடக்கா பாருங்க" என்றாள். எலி இல்லை. செத்தது டென்ட்தான்.

2016-இல் வாங்கியது. இரவுகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நோட்டில் 94 இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் மலை, மிச்சம் கடற்கரை. அந்த மாடல் இப்போது கடைகளில் இல்லை என்பதால் பெயருக்கு அவசியமில்லை. அன்றைக்கு 3,200 ரேண்ட். நடுத்தர ரகம். பெட்டியில் மூன்று பேருக்கு என்று போட்டிருந்தது. இரண்டு பேரும் இரண்டு முதுகுப்பையும் படுக்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் உறவு கெடும். எடை 2.7 கிலோ. குறுக்கே போகும் இரண்டு அலுமினியக் கம்பிகள், வலைத்துணியில் உள்கூடு, பாலியஸ்டர் மேல்விரிப்பு. மேல்விரிப்பின் உள்பக்கம் பாலியுரித்தேன் பூச்சு. 3,000 மில்லிமீட்டர் என்று அட்டையில் எழுதியிருந்தது. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால், மூன்று மீட்டர் உயரத்துக்கு நின்றாலும் கசியாது என்று பொருள். அது புதுத்துணியின் கணக்கு என்பதை யாரும் அட்டையில் எழுதுவதில்லை.

பாலியஸ்டரா நைலானா என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. அது தற்செயலாக அமைந்த நல்ல முடிவு. நைலான் நனைந்தால் தண்ணீரைக் குடித்துத் தொய்ந்துபோகும், நடுராத்திரியில் எழுந்து கயிற்றை இறுக்க வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். மூவாயிரம் மீட்டர் உயரத்து வெயிலில் அது சின்ன விஷயமில்லை.

முதல் பெரிய சோதனை 2017 ஜனவரியில், ட்ராக்கன்ஸ்பெர்க்கின் ஆம்பிதியேட்டர் என்ற பாறைச்சுவரின் உச்சியில். சென்டினல் வாகன நிறுத்தத்திலிருந்து நடந்து, பாறையில் அறைந்திருக்கும் சங்கிலி ஏணிகளில் ஏறினால் மேலே ஒரே சமவெளி. துகேலா ஆறு அங்கே நம் ஊர் வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. தாண்டிவிடலாம் போலத் தோன்றும். கொஞ்ச தூரம் போய் விளிம்பைத் தொட்டதும் ஐந்து படிகளாகக் கிட்டத்தட்ட 950 மீட்டர் கீழே விழுகிறது. இங்கே ஜனவரி கோடை. கோடையில் அந்த உச்சியில் மதியம் தாண்டினாலே இடிமழைதான், தெரிந்தவர்கள் பதினொரு மணிக்குள் ஏறி முடித்துவிடுவார்கள். நாங்கள் தெரியாதவர்கள். மூன்று மணிக்கு, நல்ல காட்சி தெரிகிறதே என்று திறந்த மேட்டில் முளை அடித்துக்கொண்டிருந்தோம்.

மேகம் வந்தது, காற்று வந்தது, அப்புறம் ஆலங்கட்டி. இருபது நிமிடம் தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி. டென்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து என் முகத்தைத் தொட்டது. நான் முதுகால் முட்டுக்கொடுத்தேன், மனைவி பிள்ளையாரை அழைத்தாள். ஓய்ந்தபின் பார்த்தால் ஒரு கம்பி லேசாக வளைந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. லெசோத்தோ நாட்டு எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். காலையில் கம்பளி போர்த்திய ஒரு மேய்ப்பர் இரண்டு நாய்களோடு வந்து, எங்கள் டென்ட்டைச் சுற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கையால் ஒரு பள்ளத்தைக் காட்டினார். பாறை மறைவில், முந்தைய ஆட்கள் அடுக்கிய கல்வரிசையோடு அருமையான இடம், எங்களிடமிருந்து முந்நூறு அடிகூட இருக்காது. காட்சி தெரியாது, அவ்வளவுதான். அதற்குப்பின் நான் காட்சிக்காக இடம் பார்த்ததில்லை.

இந்த எட்டு வருடத்தில் மலை அந்த டென்ட்டுக்குச் செய்த கெடுதல் அந்த ஒரு வளைந்த கம்பிதான்.

குளிர்காலத்தில் ஒரு ஏமாற்று உண்டு, சொல்லிவிடுகிறேன். ஜூலையில் இன்ஜிசுத்தி பள்ளத்தாக்கில் ராத்திரி சுழியத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. விடிகாலையில் முகத்தில் பொடிப்பனி விழுந்தது. ஒழுகுகிறது என்று நினைத்து அடுத்த வாரமே தையலெல்லாம் பசை தடவினேன். ஒழுகவில்லை. இரண்டு பேர் விட்ட மூச்சு மேல்விரிப்பின் உள்பக்கம் ஈரமாகப் படிந்து, உறைந்து, காற்று அசைத்ததும் உதிர்ந்திருக்கிறது. குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளை மூடிவைத்தது என் தப்பு. "வெளியேயும் பனி, உள்ளேயும் பனி, இதுக்கு எதுக்கு ஒரு டென்ட்டு" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எவ்வளவு குளிரானாலும் இரண்டு துளையும் திறந்துதான் இருக்கும்.

கடலோரம் வேறு கதை. அதைச் சொல்ல எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளிலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் இருப்பது டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில். அங்கிளின் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கிளின் வாயில் மிஞ்சியிருக்கும் தமிழ் ஒரு கைப்பிடி: சோறு, ரசம், சாமி, தம்பி, பைத்தியம். என்னைக் கூப்பிடுவதற்குக் கடைசி இரண்டும் பயன்படும். நான் மலைக்குப் போவதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். அவர் வாலிபத்தில் மலையடிவார விடுதிகளும் முகாம்களும் வெள்ளையருக்கு. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து 1953-இல் போட்ட தனி வசதிச் சட்டம் 1990 வரை இருந்தது. அவருக்கு மிச்சமிருந்த வெளியுலகம் கடல்தான், அதிலும் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கரைத்துண்டு. தூண்டிலும் வலையும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மணலில் கிடப்பது, விடியலில் மீனோடு வீடு திரும்புவது. ட்ராக்கன்ஸ்பெர்க்கை அவர் பக்கத்தில் பார்த்தது 62 வயதில், எங்கள் டென்ட்டில் படுத்துத்தான். விடிகாலையில் ஆம்பிதியேட்டர் பாறைச்சுவர் செவக்கச் செவக்க நின்றதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "தம்பி, டீ எங்கே?" என்றார்.

பதிலுக்கு எங்களை அவர் கடலுக்குக் கூட்டிப்போனார். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் குளிர்ந்த நீரோட்டத்தோடு கரையை ஒட்டி வடக்கே வரும். அதற்குப் பின்னால் டால்பின், சுறா, மேலே பறவைகள். கரைவலை இழுப்பவர்களில் இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர், தாத்தா காலத்திலிருந்து அதே தொழில். மீன் வந்துவிட்டது என்று போன் வந்தால் தென்கரை முழுக்க வாளியோடு ஓடும். நாங்கள் நான்கு குளிர்காலம் அங்கே முகாம் போட்டோம். ராத்திரி டென்ட்டுக்குள் விளக்கைக் கட்டிவிட்டுத் துனி ஆடுவோம். டர்பன் தமிழர் சீட்டாட்டம், ஜாக்தான் பெரிய சீட்டு. அந்தப் பெயரே நம் தண்ணிதான் என்று அங்கிள் சத்தியம் செய்வார். நான் ஜெயித்ததாக நினைவில்லை.

அந்த நான்கு குளிர்காலத்தில் டென்ட் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ட்ராக்கன்ஸ்பெர்க் காட்டுப்பகுதியில் தீ மூட்டக்கூடாது, கேஸ் அடுப்புதான். கடற்கரை முகாமில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிராய் அடுப்பு இருக்கும், கறி சுடாமல் யாரும் தூங்குவதில்லை. ஒரு பொறி பறந்துவந்து மேல்விரிப்பில் உட்கார்ந்தது. சத்தமே இல்லாமல் பட்டாணி அளவு ஓட்டை. இரண்டாவது, குரங்கு. இங்கே சாம்பல் நிறத்தில் கறுப்பு முகத்தோடு வெர்வெட் குரங்குகள் திரியும். ஒரு பொட்டலம் முறுக்கை (இங்கே அதை ‘முர்க்கு’ என்பார்கள்) உள்ளே விட்டுவிட்டுக் குளிக்கப் போனோம். ஜிப்பைத் திறக்க அதற்குப் பொறுமையில்லை, வலையைக் கிழித்துவிட்டது. மூன்றாவது, மணலும் உப்பும். ஐந்தாவது வருடத்தில் கதவு ஜிப் மூடிக்கொண்டே போகும், பின்னாலேயே திறந்துகொண்டே வரும். பல் தேயவில்லை, ஓடும் தலைதான் அகன்றுவிட்டது. குறட்டால் இரண்டு பக்கமும் மெல்ல நசுக்கினால் ஒரு வருடம் ஓடும். எனக்கு ஒன்றரை வருடம் ஓடியது. கம்பித் துண்டுகள் உப்புப் பூத்து ஒன்றோடொன்று இறுகி, கழற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

ஜிப்பை மாற்றித் தந்தது எங்கள் தெருவில் சேலை ரவிக்கை தைக்கும் ஆன்டி. வழுக்குகிற துணி, மெஷின் இழுக்கவில்லை. அடியில் மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்தார். ஷிபான் தைக்கிற வித்தையாம். ஊசித் துளைகளை நான் பசையால் அடைத்தேன். 180 ரேண்ட் வாங்கிக்கொண்டு, கல்யாண வேலை இருக்கும்போது இந்தக் குப்பையைத் தூக்கிக்கொண்டு வராதே என்றார். இன்றைக்கும் அந்த ஜிப் மட்டும் பிரமாதம்.

சரி, இத்தனையும் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்த நான், டென்ட்டைக் கொன்ற இடத்தைக் கவனிக்கவே இல்லை. அது எங்கள் படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு.

பாலியுரித்தேன் பூச்சுக்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஆகாது. ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். முதலில் பிசுபிசுப்பு, அடுத்து வாடை, கடைசியில் உதிர்தல். டர்பன் கோடையில் உப்பு டப்பாவே கட்டியாகிவிடும், செருப்பில் பூஞ்சை பூக்கும். அதில் நான், ஞாயிறு சாயங்காலம் மலையிலிருந்து திரும்பி, ஒரு மணி நேரம் கொடியில் போட்டு, தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று பையில் திணித்து மூடிவிடுவேன். மடிப்புக்குள்ளும் தையல் ஓரத்திலும் ஈரம் அப்படியே இருக்கும். வருடத்துக்குப் பன்னிரண்டு இரவு வெளியே, மீதி நாளெல்லாம் அந்த இருட்டில்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. என்னோடு வேலைபார்த்த நண்பர் ஒருவர் அதே வாரம் அதே டென்ட்டை வாங்கினார். இப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறார். கடலிலிருந்து விலகி, உயரத்தில், குளிர்காலத்தில் உதடு வெடிக்கும் வறட்சி. என்னைவிட அதிகமாகவே முகாம் போகிறவர். நவம்பரில் அவருடையதைப் பார்த்தேன். வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். உள்பூச்சைத் தடவினால் வழவழவென்று இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

வாங்கிய கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது. பூச்சு உரிவது தயாரிப்புக் குறை இல்லை, இயல்பான தேய்மானம் என்றார்கள். யாருடைய வாழ்நாள் என்று கேட்டேன். அந்தப் பையன் சிரித்தான், பாவம், அவன் என்ன செய்வான். வாங்கும்போது அவர்கள் தந்த ஆலோசனையெல்லாம் எத்தனை முளை, எத்தனை கயிறு என்பதுதான். வீட்டில் எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

சரிசெய்தும் பார்த்தேன். வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பூச்சைத் தேய்த்து எடுக்க ஒரு முழு சனிக்கிழமை போனது. பிறகு டப்பாவில் வரும் புதுப் பூச்சைத் தூரிகையால் அடித்தேன். தூறலுக்கு நிற்கிறது. மலை மழைக்கு நம்பிப் போகமாட்டேன். பூச்சுக்கும் நேரத்துக்கும் ஆன செலவைப் பார்த்தால், உதிரத் தொடங்கியபின் மெனக்கெடுவது வீண் வேலை. பிசுபிசுப்பு தெரிந்த அன்றே மாற்றுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

ஜனவரியில் புது டென்ட் வாங்கினேன். இந்த முறை இரண்டு பக்கமும் சிலிக்கான் பூச்சுள்ள நைலான். நனைந்தால் தொய்யும், தெரிந்தேதான் வாங்கினேன். சிலிக்கான் அந்த மாதிரி ஈரத்தில் கரைந்து உதிராது. இதற்குத் தையல் பசையும் சிலிக்கான் பசைதான் வேண்டும், பழைய டப்பாவில் மிஞ்சியது ஒட்டவே ஒட்டாது. விலை பழையதைப்போல இரண்டரை மடங்கு. கடலோரத்துக்கு இதைக் கொண்டுபோவதாக இல்லை. அங்கே அங்கிளின் பழைய கான்வாஸ் கூடாரம் போதும், அதைத் தூக்க ஒரு பிக்கப் வண்டி வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

பழைய டென்ட்டின் உள்கூடு இப்போது மாடத்தில் மகளுக்குக் கொசுவலை. குரங்கு கிழித்த இடத்தில் ஆன்டி போட்ட ஒட்டு இருக்கிறது. வளைந்த கம்பியை அங்கிள் தக்காளிச் செடிக்கு வாங்கிக்கொண்டார். புது டென்ட் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் மூன்று நாள் வரவேற்பறையில், மின்விசிறிக்குக் கீழே, கொடியில் தொங்குகிறது. நான்காம் நாள் பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். அந்த மூன்று நாளும் டிவி பார்க்க மனைவி தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.