ஓமலூரில் ஏ.டி.ஆரா, பீளமேட்டில் ஏர்பஸ்ஸா: காதுக்கு எது சுகம்?

சேலம், நாமக்கல், ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னை போக இரண்டு ஏறுமிடங்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் ஏறினால் ஏ.டி.ஆர். 72, அங்கே ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான் என்பதால் புரொப்பல்லர் விமானம்தான் தோது. கோவை பீளமேட்டில் ஏறினால் பெரும்பாலும் ஏர்பஸ் 320 குடும்பத்து ஜெட். "புரொப்பல்லர்னா காது போயிரும்ங்க" என்று ஒரே வரியில் ஏ.டி.ஆரை ஒதுக்கிவிட்டு, விடிகாலையில் காரை எடுத்துக்கொண்டு கோவைக்கு ஓடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பாதிதான் சரி. ஏ.டி.ஆரில் தொல்லை சத்தத்தின் அளவைவிட அதன் சுருதி. அந்தச் சுருதி எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி அடிப்பதும் இல்லை.

ஏ.டி.ஆர். 72-600இன் புரொப்பல்லருக்கு ஆறு பிளேடு, விட்டம் 3.93 மீட்டர். தரையை விட்டு எழும்பும்போது நிமிடத்துக்கு 1,200 சுற்று. கொஞ்சம் மேலே போனதும் அதை 82 சதவீதத்துக்கு, அதாவது 984 சுற்றுக்கு இறக்கிவிடுவார்கள். சத்தம் சட்டென்று தணிவது அதனால்தான். இன்ஜின் நின்றுவிட்டதோ என்று பக்கத்து சீட்டுக்காரரின் கையைப் பிடிக்க வேண்டாம். 984ஐ 60ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 98.4. விநாடிக்கு அத்தனை தடவை ஒரு பிளேடு விமானத்தின் உடலையொட்டிக் காற்றை அறைந்துவிட்டுப் போகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மரிடம் நின்றால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்குமே, அது 100 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 100 அதிர்வு. ஏறக்குறைய அதே சுருதியைத்தான் ஏ.டி.ஆரில் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு போகிறீர்கள்.

ஏர்பஸ் சத்தம் வேறு சாதி. 800 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் காற்று உடல்மீது உராயும் இரைச்சல் அதில் பெரும்பங்கு. இன்னதென்று ஒரு சுருதி கிடையாது. ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தைத் தூரத்திலிருந்து கேட்ட மாதிரி. கேபின் சுவருக்குள் வைக்கும் பஞ்சு அந்த இரைச்சலின் மேல்சுருதிகளை நன்றாகவே உறிஞ்சிவிடும். 100 ஹெர்ட்ஸிடம் அது பலிக்காது. அதன் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குப் பக்கம், சில அங்குலப் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

போனில் டெசிபல் ஆப் வைத்து அளந்துவிட்டு "ரெண்டும் ஒண்ணுதான்" என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வழக்கமான 'ஏ' அளவீடு 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலைக் கழித்துக் காட்டும். ஆப்பில், தாழ்சுருதியை அப்படிக் கழிக்காத 'சி' அளவீடு இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். ஏ.டி.ஆரின் முன்பாதியில் இரண்டு எண்ணுக்கும் இடைவெளி நன்றாக விரியும். உடம்பு உணரும் அதிர்வு அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று, 'வ்வூம்… வ்வூம்…' என்று ஏறி இறங்கும் ஓசை. கிணற்று மேட்டில் இரண்டு மோட்டார் ஒன்றாக ஓடும்போது கேட்டிருப்பீர்கள். இடது புரொப்பல்லர் 984, வலது 979 என்றால் வித்தியாசம் அரை ஹெர்ட்ஸ். இரண்டு விநாடிக்கொரு தடவை சத்தம் வீங்கும். இரண்டின் சுற்றையும் ஒன்றுக்கொன்று பூட்டி வைக்கும் சாதனம் சரியாக வேலை செய்தால் இது அடங்கும். தொடர்ச்சியான முனகலைவிட இந்த வீக்கம்தான் பலருக்கு மண்டையிடி.

டேஷ் 8 க்யூ400 என்ற இன்னொரு புரொப்பல்லர் விமானம் எதிர்ப்பட்டால் அது மூன்றாவது ரகம். அதுவும் ஆறு பிளேடு, பறக்கும்போது 850 சுற்று, ஆக 85 ஹெர்ட்ஸ். பெயரில் உள்ள 'க்யூ' அமைதியைக் குறிப்பது: கேபினுக்குள் மைக்குகள் சத்தத்தைக் கேட்க, உடல் சட்டங்களில் பொருத்திய அதிர்வான்கள் எதிர் அதிர்வு கொடுத்து அதைச் சாகடிக்கும். அந்த அமைப்பு சரியாக இருக்கும்வரை இரண்டு புரொப்பல்லர் விமானங்களில் சுகமானது அதுதான் என்பேன்.

இனி சீட்டு. ஏ.டி.ஆரில் சன்னல் வழியே பார்த்தால் நேர்ப்பக்கத்தில் புரொப்பல்லர் சுழலும் வரிசைகளும், அவற்றுக்கு இரண்டு வரிசை முன்பின்னும்தான் மோசம். அது முன்பாதி. ஏர்பஸ் பழக்கத்தில் "முன்னால குடுங்க" என்று கேட்டு வாங்குபவர்கள் காசு கொடுத்து அதில் போய் உட்காருகிறார்கள். ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறும் கதவே பின்னால்தான். முன்னால் இருப்பது சரக்கறை. 12ஆம் வரிசைக்குப் பின்னால் வாங்குங்கள், கடைசி இரண்டை விட்டுவிடுங்கள். கழிவறைக் கூட்டமும் கதவுப் பக்கத்துக் குளிரும் அங்கே. சன்னலோரம் என்றால் தலையைச் சுவரில் சாய்க்காதீர்கள். அதிர்வு எலும்பு வழியாகவே உள்ளே போகும். ஏர்பஸ்ஸில் கணக்கு தலைகீழ்: இறக்கைக்கு முன்னால் அமைதி, 20ஆம் வரிசைக்குப் பின்னால் இரைச்சல்.

குலுக்கலுக்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு சிக்கல். எந்த விமானத்திலும் இறக்கைப் பகுதிதான் ஆட்டம் குறைந்தது, ஏ.டி.ஆரில் அது புரொப்பல்லருக்குக் கொஞ்சம்தான் பின்னால். இரண்டுக்கும் நடுவே ஒத்துப்போக, இறக்கையின் பின்விளிம்பு தெரியும் வரிசை. ஏ.டி.ஆர். மேகங்களுக்கு மேலே போகாமல் அவற்றுக்கு நடுவே பறப்பதால் மழைக்காலத்துச் சாயங்காலங்களில் ஆட்டம் கூடும். காலை விமானம் நல்லது. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையில் இறங்கும்போது ஏர்பஸ்ஸையும் விடாது.

தரையில் நிற்கும்போதும் வித்தியாசம் உண்டு. ஏ.டி.ஆரில் துணை இன்ஜின் கிடையாது. வலது இன்ஜினை ஓடவிட்டு, புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி மின்சாரமும் குளிர்காற்றும் எடுப்பார்கள். 'ஹோட்டல் மோடு' என்று பெயர். அதையும் அணைத்து, வெளிக் குளிர்காற்று வண்டியும் வராவிட்டால் சித்திரை வெயிலில் கேபின் வேகும். ஏர்பஸ்ஸில் அந்தப் புழுக்கம் குறைவு. பதிலுக்கு, தள்ளிவிடும் நேரத்தில் கேபின் தரைக்கடியில் நாய் குரைப்பதுபோல் ஒரு சத்தம் வரும். அது ஹைட்ராலிக் அழுத்தத்தைப் பரிமாறும் கருவி, கோளாறு இல்லை.

காதுக்கு என்ன போடுவது? ஏர்பஸ்ஸுக்கு ஃபோம் அடைப்பான் போதும். ஏ.டி.ஆருக்கு, இரைச்சல் நீக்கும் ஹெட்போன் கொடுத்த காசுக்கு உழைக்கும். நிலையான தாழ்சுருதியில்தான் அது கெட்டிக்காரன். கண்ணாடி போட்டவர்களுக்குக் காம்பு இடுக்கில் குஷன் சரியாகப் பதியாமல் அதே தாழ்சுருதி கசியும். மெல்லிய காம்புக் கண்ணாடியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோமைப் பலர் காதின் வாசலோடு ஒட்டிவைத்துவிட்டுப் "பிரயோஜனமில்லை" என்கிறார்கள். மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போயிருந்தால் உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும்.

சென்னைக்கு இறங்கத் தொடங்குமுன் அதைக் கழற்றிவிடுங்கள். கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே, மீனம்பாக்கம் ஏறக்குறைய கடல்மட்டத்திலேயே. காது அடைக்கும் நேரம் அது, அடைப்பான் இருந்தால் வலி கூடும். சளி பிடித்திருந்தால் இறங்கத் தொடங்கியதிலிருந்தே எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள். கைக்குழந்தைக்குப் பாலை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல், சேலம் என்றால் பின்வரிசை ஏ.டி.ஆர்தான், சேலம்-சென்னை வான்தூரம் முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவு, ஏர்பஸ் தன் வேகத்தில் மிச்சம்பிடிக்கும் நிமிடங்கள் கோவைக்குப் போகும் சாலையிலேயே கரைந்துவிடும். திருப்பூர், அவிநாசிக்கு யோசனையே வேண்டாம், பீளமேடு. ஈரோடுதான் இழுபறி: காலைச் சீட்டு 12க்குப் பின்னால் கிடைத்தால் ஓமலூர், முன்பாதிதான் மிச்சமென்றால் பெருந்துறை வழியாகக் கோவை.