டியூபா: பிஸ்டன் வால்வா, ரோட்டரி வால்வா?

டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை முதன்முதலாக வாங்குபவர்கள் பலர் பளபளப்பையும் விலையையும் பார்த்துவிட்டு, காற்றின் பாதையை மாற்றிச் சுரத்தை மாற்றும் வால்வைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். தினமும் கை படப்போவது அதில்தான். பிஸ்டன் வால்வு மேலும் கீழும் நகரும், ரோட்டரி வால்வு சுழலும்.

எண்ணெய்
பிஸ்டன்: மேல்மூடியைத் திருகி, பாதி இழுத்து, நாலைந்து சொட்டு விட்டால் போதும். வாசிக்கும் நாளெல்லாம் விடுங்கள். பிஸ்டனில் பொறித்த எண் மாறினாலோ, அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வழிகாட்டி தன் பள்ளத்தில் உட்காராவிட்டாலோ காற்று போகாது.
ரோட்டரி: அடிக்கடி கேட்காது, ஆனால் கேட்கும் இடங்கள் அதிகம். ஸ்லைடு குழாய் (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்) வழியே மெல்லிய எண்ணெய், பின்மூடிக்கு அடியிலுள்ள அச்சுக்கும் நெம்புகோல் மூட்டுகளுக்கும் கெட்டி எண்ணெய். சொட்டுகள் குழாய்ச் சுவரில் படக்கூடாது: அங்கிருக்கும் கிரீஸ் கரைந்து உள்ளே ஓடி, வால்வின் சுழலும் பகுதியான ரோட்டரை மந்தமாக்கிவிடும்.

பழுது
பிஸ்டன்: பிஸ்டன் நகரும் உறையில் சிறு நசுங்கல் விழுந்தாலே சிக்கும். சுத்தம் செய்வது வீட்டு வேலைதான்.
ரோட்டரி: கழற்றுவதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, ரோட்டரைச் சரியான இடத்தில் நிறுத்தும் கார்க்கை. பின்மூடியைத் திறந்தால் தெரியும் கோடுகள், அழுத்தும்போதும் விடும்போதும் நேராகச் சேர வேண்டும். கார்க் தேய்ந்தால் கோடு விலகும், ஒலி அடைத்துப்போகும். மூட்டு தேய்ந்தால் கடகடக்கும்.

மாணவருக்கும் பள்ளி இசைக்குழுவுக்கும் பிஸ்டன். நல்ல பழுதுபார்ப்பவர் அருகில் இருந்து, விரல் அசைவு குறைவாக, சுரங்கள் வழுக்கிச் சேர வேண்டும் என்பவருக்கு ரோட்டரி. எதுவானாலும், கையில் காசிருந்தால் நான்காவது வால்வுக்குச் செலவிடுங்கள். ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது ஏறிப்போகும் சுருதியை அதுதான் சரிசெய்யும்.