டீலரா, தனியாளா? டர்பனில் இரண்டு பழைய கார்கள் வாங்கிய கதை

போன மாதம், இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஷால்கிராஸிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, பழைய கார் ஒன்று பார்க்கிறேன். டீலரிடம் வாங்கவா, ஆளிடம் நேராக வாங்கவா?" என்று கேட்டான். நான் இரண்டு விதமாகவும் வாங்கியவன். ஒன்றில் கையைச் சுட்டுக்கொண்டேன், இன்னொன்றில் தப்பித்தேன். அவனிடம் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் டீலர் பக்கம் சாய்ந்தவன். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். தனியாளிடம் விலை குறைவு. அவருக்கு வாட் இல்லை, கடை வாடகை இல்லை, விற்றுக்கொடுத்தவனுக்குக் கமிஷன் இல்லை. டீலரிடம் விலையும் கூடுதல், அதற்கு மேல் பதிவுச் செலவு அது இதென்று 'ஆன் தி ரோட்' என ஒரு தொகை வேறு. ஆனால் தனியாளிடம் காரின் பூர்வீகத்தைக் கேட்கலாம்: இரவில் எங்கே நிறுத்தினார், எந்த மெக்கானிக் பார்த்தார், கடலோரக் காரா, கடலில்லாத ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) காரா. டர்பன் உப்புக்காற்றில் பத்து வருடம் வெளியே நின்ற காரின் அடிப்பக்கத்தை ஒருமுறை குனிந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும். டீலரைக் கேட்டால் ஒரே ஓனர், ஒரு டீச்சரம்மா வைத்திருந்தது என்பார். இந்த ஊரில் அத்தனை டீச்சரம்மாக்கள் எங்கிருந்து வந்தார்களோ!

என் முதல் கார் 2017-இல் மீர்பேங்கில் ஓர் அங்கிளிடம் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக். கோயிலில் பார்த்துப் பழகிய முகம். 78 ஆயிரம் ராண்ட் பேசி முடித்தோம். ஒரு தாளில் அவர் பெயர், என் பெயர், தொகை, கீழே ஒரு வரி: 'ஃபூட்ஸ்டூட்ஸ்' முறையில் விற்கப்பட்டது. இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்று அர்த்தம். எல்லோரும் எழுதுவதுதானே என்று கையெழுத்துப் போட்டேன். புதிதாக எடுத்த ரோட்வர்தி (சாலைத் தகுதி) சான்றிதழையும் கையில் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

ஐந்து வாரம் கழித்து ஹிக்கின்சன் ஹைவே ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்புக்குப் போனது. எஞ்சினுக்குள் இருக்கிற ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருந்தது. எல்லாம் சேர்த்து 19 ஆயிரம். ஓட்டையை அடைக்கிற திரவம் எதையோ ரேடியேட்டரில் முன்பே ஊற்றியிருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். அங்கிளுக்குப் போன் செய்தேன். "என்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு, தம்பி" என்றார்.

ரோட்வர்தி என்ன சொல்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. டெஸ்டிங் ஸ்டேஷனில் பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், சஸ்பென்ஷன், எண்ணெய் ஒழுகல் பார்ப்பார்கள். இந்த வண்டி சாலையில் ஓடத் தகுந்ததா என்பதுதான் அவர்கள் கேள்வி. எஞ்சினோ கியர்பாக்ஸோ இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. பெயர் மாற்றுவதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், எடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

சட்டத்தில் எனக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. விற்றவர் மறைந்திருந்த குறையைத் தெரிந்தே ஒளித்திருந்தால் ஃபூட்ஸ்டூட்ஸ் வரி அவரைக் காப்பாற்றாது. சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு 2019 முதல் 20,000 ராண்ட் வரை போகலாம், வக்கீல் வைக்கவும் கூடாது. 2019-க்கு அப்புறம் என் தொகையும் அதற்குள் அடங்கியதுதான். ஆனால் அவருக்குத் தெரியும் என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டும். அந்தத் திரவத்தை ஊற்றியது அவரா, அவருக்கு முன்னால் வைத்திருந்தவரா? எதை வைத்துச் சொல்வேன்? விட்டுவிட்டேன். இன்றும் காவடி சமயத்தில் எதிரே வருவார், வணக்கம் சொல்லிக்கொள்வோம்.

இரண்டாவது கார் 2022-இல். ஆட்டோமேட்டிக் செடான், டீலரிடம் 1 லட்சத்து 46 ஆயிரம். அதே மாடல், அதே வருடம், தனியாள் விளம்பரத்தில் 1 லட்சத்து 28 ஆயிரத்துக்கு இருந்தது. 18 ஆயிரம் அதிகம் கொடுக்கிறோமே என்று வயிறு எரியத்தான் செய்தது. மனைவிதான், "போன தடவை மிச்சம் பிடித்த காசு எங்கே போனது?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்தாள்.

நான்காம் மாதம் சாட்ஸ்வர்த் மேடுகளில் ஏறும்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறுவதில் உதை விழ ஆரம்பித்தது. அப்புறம் கியரே வழுக்கியது. என் மச்சான் மெக்கானிக். "கொண்டு வா, இறக்கிப் பார்த்துடலாம்" என்றான். கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 55, 56 என்று இரண்டு பிரிவுகள் உள்ளன. வியாபாரமாக விற்பவர் விற்ற பொருளில் குறை இருந்தால், கையில் வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் செலவிலேயே அதைத் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, வேறு பொருள் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைச் சொல்ல வேண்டியது வாங்கியவர்தான், டீலர் அல்ல. பழைய காருக்கும் இது உண்டு. டீலர் தாளில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதி இதிலிருந்து நழுவ முடியாது. ஆனால் வாங்கிய பிறகு நாமே பொருளைப் பிரித்து மாற்றிவிட்டால், அந்த அளவுக்கு உரிமையும் போய்விடும். மச்சான் கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் டீலர் சொல்லப் போகும் முதல் பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

டீலரின் பதில் சாமர்த்தியமாக இருந்தது. "சார், உங்கள் வாரண்டியில் கியர்பாக்ஸுக்கு அதிகபட்சம் 10,000 ராண்ட்தான். மீதியை நீங்கள் கட்டுங்கள்" என்றார்கள். கார் வாங்கும்போது தனியாகக் காசு கட்டி எடுத்த வாரண்டி அது. அதற்கு உச்சவரம்பு இருக்கட்டும். 56-ஆம் பிரிவில் சட்டம் தருவது வேறு எந்த வாரண்டிக்கும் மேலாகக் கிடைப்பது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குறைக்க முடியாது. பலர் இந்த இடத்தில்தான் தலையாட்டிவிட்டு மீதியைக் கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் போனில் சண்டை போடவில்லை. ஒரு ஈமெயில் எழுதினேன். கார் கைக்கு வந்த தேதி, அன்றைய கிலோமீட்டர், இன்றைய கிலோமீட்டர், குறை என்ன, 56-ஆம் பிரிவின்படி பழுது பார்த்துத் தருமாறு கேட்கிறேன், அவ்வளவுதான். பதில் வராவிட்டால் வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கும் மோட்டார் தொழில்துறை ஓம்பட்ஸ்மனிடம் போவேன் என்று கடைசியில் ஒரு வரி. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. இரண்டு நாளில் காரை எடுத்துப் போனார்கள். மூன்று வாரம் ஆனது, மாற்றுக் கார் தரவில்லை, நான் வேலைக்கு மினிபஸ் டாக்சியில் போய்வந்தேன். ஆனால் கையிலிருந்து ஒரு ராண்ட் போகவில்லை. பழுது பார்த்து மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் வேறு காரோ பணமோ தந்தாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

அதிகம் கொடுத்த 18 ஆயிரத்தை நான் இப்போது ஆறு மாதத்துக்கான கட்டணமாகத்தான் பார்க்கிறேன். அதற்காக இது எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. பிரேக் பேட், வைப்பர் மாதிரி தேய்வதெல்லாம் குறை ஆகாது. சின்னச் சின்னத் தொந்தரவுகளைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்பது 2021-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு கார் வழக்கிலேயே தெளிவாகிவிட்டது. இன்னொரு பொறி, கையெழுத்துக்காக நீட்டும் நிலைமைத் தாள். 'கியர் மாறும்போது உதை உண்டு, வாங்குபவர் ஏற்கிறார்' என்று அதில் குறிப்பாக எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் குறைக்கு அப்புறம் பேச்சில்லை. காபி குடித்துக்கொண்டே படிக்காமல் கையெழுத்துப் போடுகிற தாள் பெரும்பாலும் இதுதான். ஏலத்தில் எடுக்கிற காருக்கு 55-ஆம் பிரிவு பொருந்தாது. மலிவாக இருக்கிறதே என்று ஏலத்துக்கு ஓடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

வீட்டு முற்றத்தில் நான்கு கார் நிறுத்தி 'என் சொந்தக் கார்' என்று விற்பவர்களும் உண்டு. அதுவே தொழில் என்றால் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அதுதான் தொழில் என்று காட்டும் வேலை நம் தலையில் விழும். டீலரின் பொறுப்பும் இல்லை, தனியாளின் நேர்மையும் இல்லை, இரண்டுங்கெட்டான்.

சரி, தனியாளிடம் வாங்கவே கூடாதா? 50 ஆயிரத்துக்குக் கீழே என்றால் நல்ல டீலர்களிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்போது தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். பணம் கொடுக்கும் முன் ஏஏ, டெக்ரா மாதிரி வண்டி சோதிக்கும் நிறுவனத்தில் காசு கட்டி முழு சோதனை செய்துவிடுங்கள், நான் மீர்பேங்கில் செய்யாதது அது. பதிவுச் சான்றில் 'டைட்டில் ஹோல்டர்', அதாவது சட்டப்படி உரிமை உள்ளவர், யார் என்று பாருங்கள். வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை என்று பொருள். பாக்கித் தொகைக் கடிதம் வாங்கி, பணத்தை நேராக வங்கிக்கே கட்டுங்கள். கார் கைமாறியதை விற்றவர் படிவம் கொடுத்துத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் 21 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவர் சோம்பினால் உங்கள் கேமரா அபராதமெல்லாம் அவர் வீட்டுக்குப் போகும், அது அவர் கவலை. இரண்டு முறையும் ரொக்கம் கொடுத்தவன் நான், அதனால் தவணையில் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம். டீலரிடம் சட்டத்தைக் காட்டிக் கேட்டதும் ஒரே ஒரு முறைதான். இன்னொரு டீலர் இன்னும் முரண்டு பிடிக்கலாம்.

சித்தப்பா மகன் இத்தனையையும் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, கூட வேலை பார்ப்பவரின் பழைய பக்கியை (பிக்கப் வண்டி)த்தான் பேசி வைத்திருக்கிறேன் என்றான். பதிவுச் சான்றைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். இன்னும் வரவில்லை.